இரண்டு மாதம் சந்தா வராத வீடு

இந்தக் கட்டைக் கொஞ்சம் உங்கள் காலடியில் வைத்துக்கொள்ளட்டுமா அண்ணாச்சி? மேலே வைத்தால் பிரேக் போடும்போது யார் தலையிலாவது விழும். வெறும் காகிதம்தான். இருநூறு துண்டறிக்கை. இன்று காலையில்தான் அச்சகத்தில் வாங்கினேன், மை வாசம்கூடப் போகவில்லை. நான் புளியங்குடி. நீங்கள்? தென்காசியா. நல்லது. நான் இறங்குகிற வரைக்கும் பேச ஆள் இருக்கிறது.

புளியங்குடியில் ஒரு தெருவில் இதை வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு, ஒரு வீட்டு வாசலில் நின்று ஒரு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குத்தான் போகிறேன். எழுபத்துநாலு வயதில் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. போலீஸ்காரர்கள் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுக்கவில்லை. மில் முதலாளி ஒரு வரி போதும் என்றார், அதையும் கொடுக்கவில்லை. இதுதான் முதல் தடவை. அதை ஒளித்துச் செய்யக் கூடாது என்றுதான் அச்சடித்தேன்.

என் பெயர் குருவையா. ராஜபாளையத்தில் கேட்டுப்பாருங்கள். இல்லை, இப்போது கேட்டால் யாருக்கும் தெரியாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நூற்பாலையின் வாசல் கேட்டே பதில் சொல்லியிருக்கும். அந்த மில்லில் சங்கம் கட்டியவன் நான். மூன்று தடவை ஜெயில். எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை, அதற்குமேல் படித்ததெல்லாம் துண்டறிக்கையில்தான். அதனால் நான் வாயைத் திறந்தால் அச்சடித்த மாதிரி வருகிறது என்று என் மகள் கேலி செய்வாள். மில் மூடியாயிற்று. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. சங்கக் கட்டடம் இருக்கிறது, சுவரில் என் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் கழற்றிவிட்டார்கள். போகட்டும். அதைச் சொல்ல வரவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே தொழில் சந்தா. மற்றவர்கள் என்னைப் பேச்சாளன் என்று நினைத்தார்கள். பேச்சு யாருக்கும் வரும் அண்ணாச்சி. சம்பள நாளன்று கேட்டில் நின்று, வீட்டுக்கு அரிசி வாங்கப் போகிறவனிடம் சந்தா வாங்க வேண்டும், அவன் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். அது எனக்கு வரும். எப்படி? அவன் மகனுக்கு மஞ்சள் காமாலை என்றால் எனக்குத் தெரிந்திருக்கும். அவன் கூரை ஒழுகுகிறது என்றால் தெரிந்திருக்கும். நான் காசு கேட்கிற நாளுக்கு முன்னால் நாலு நாள் காசு கேட்காமல் போய்ப் பார்த்திருப்பேன்.

ஒரு விதி வைத்திருந்தேன். ஒருவனிடமிருந்து இரண்டு மாதம் சந்தா வரவில்லை என்றால் கேட்டில் நிறுத்திக் கேட்கக் கூடாது. வீட்டுக்குப் போக வேண்டும். பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்க வேண்டும். ஏன் தெரியுமா? ஸ்டிரைக் வந்தால் முதலில் தளர்வது அவன் வீட்டு அடுப்பு. வீடு சங்கத்தில் இருந்தால்தான் ஆள் சங்கத்தில் இருப்பான். இதை நானே எழுதி அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

அந்த விதி என்னை ஏமாற்றியதே இல்லை. ஒரே ஒரு தடவை வீட்டுக்குப் போகாமல், சந்தா கட்டாதவர்கள் பெயரைப் பலகையில் எழுதிக் கேட்டில் வைத்தேன். அதில் ஒருத்தன் வேலையை விட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான். அவனுக்கு வேறு பிரச்சினை இருந்தது என்றார்கள். அது வேறு கதை.

முன்சீட்டு அம்மா, உங்களுக்கும் கேட்கிறதா? திரும்பித் திரும்பிப் பார்க்கிறீர்களே. கேளுங்கள் கேளுங்கள், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

என் மகளுக்கு வாலண்டினா என்று பெயர். விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயர். எங்கள் தோழர்கள் வீட்டில் அந்தக் காலத்தில் நாலைந்து வாலண்டினா உண்டு. தெருப் பிள்ளைகள் வாலு என்று கூப்பிட்டார்கள். அவள் விண்வெளிக்குப் போகவில்லை, புருஷனோடு ஒத்துப்போகாமல் தையல் மிஷினோடு என் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். நாற்பத்தொரு வயது. ஒரு நாள் செல்போனை ஜன்னல் கம்பியில் கட்டிவைத்து, ரவிக்கை வெட்டுவது எப்படி என்று பேசிப் படம் எடுத்தாள். அப்புறம் அதுவே சேனல் ஆயிற்று. நன்றாகச் சொல்லிக் கொடுப்பாள், அதை நான் சொல்லக் கூடாது. மாதம் தொண்ணூற்றொன்பது ரூபாய் கட்டி மெம்பராகச் சேர்ந்தால் தனி வகுப்பு, சனிக்கிழமை நேரடிக் கூட்டம், மாதம் ஒரு அளவுத்தாள் தபாலில் வரும். துணிமேல் அப்படியே விரித்து வெட்டலாம்.

ஒரு நாள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, இருபதாயிரம் பேரு பாக்குறாங்க. எல்லாரும் லைக் போடுறாங்க. பணம் கட்டுற மெம்பரு நாப்பத்தி மூணு."

"இருபதாயிரம் பேரு கூட்டத்துக்கு வந்தவங்க. நாப்பத்தி மூணு பேருதான் சங்கம்" என்றேன்.

"சரி. அந்தக் கூட்டத்தைச் சங்கமாக்க உங்களுக்குத் தெரியுமா?"

"அது மட்டும்தான்மா தெரியும்."

சிரித்தாள். மறுநாள் ஒரு பழைய போனை என் கையில் கொடுத்தாள்.

அண்ணாச்சி, நான் சும்மா இருந்த பத்து வருஷத்துக்கும் சேர்த்து வேலை செய்தேன். ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு மெம்பருக்கும் ஒரு பக்கம். பெயர், ஊர், என்ன தைக்கிறார், எங்கே தவறுகிறது, வீட்டில் யார் யார். ஒருவர் கேள்வி எழுதினால் பொழுது சாய்வதற்குள் பதில். கழுத்து ஏன் தூக்குகிறது, கைச்சுற்று ஏன் சுருங்குகிறது என்று வாலண்டினாவிடம் கேட்டு, என் கையால் எழுதிப் போடுவேன். பணம் கட்டாமல் பார்க்கிறவர்களுக்கும் பதில் உண்டு. சேருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நாலாவது பதிலில் அவர்களே எப்படிச் சேர்வது என்று கேட்பார்கள்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் நல்லதைக் காட்டாதே, நீ கெடுத்த ரவிக்கையை முதலில் காட்டு என்று வாலண்டினாவிடம் சொன்னேன். மறுத்தாள். அப்புறம் ஒரு வாடிக்கையாளருக்குத் தைத்து இடக்கை வலக்கை மாறிப்போன பட்டு ரவிக்கை ஒன்றை எடுத்துக் காட்டினாள். அன்றைக்குப் பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெட்டியிலிருந்து கெட்டுப்போன துணியை எடுத்துக் காட்டினார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. அந்த ஒரு வாரத்தில் முப்பது பேர் சேர்ந்தார்கள். அடுத்த மாதம் என்ன பாடம் என்று ஓட்டுப் போடச் சொன்னேன். தாங்கள் கேட்டு வந்த பாடம் என்றால் விட்டுப் போக மாட்டார்கள். ஊர்வாரியாகப் பிரித்துக் கிளை வைத்தேன். புதிதாக வருகிறவரைக் கிளைக்காரர் ஒருவர் வரவேற்க வேண்டும். சிரிக்காதீர்கள், நாலு மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். என்னைத் தோழர் அப்பா என்று கூப்பிட்டார்கள். சங்கக் கட்டடத்தில் ஆணி இருக்கிறது என்றேனே, இங்கே நானூறு பேர் காலையில் எழுந்து எனக்கு வணக்கம் போட்டார்கள்.

சிவகிரி வந்துவிட்டதா? பரவாயில்லை, நேரம் இருக்கிறது.

அந்த நானூறு பேரில் ஒருவர்தான் முப்பிடாதி. புளியங்குடி. படம் இருக்கிற இடத்தில் ஒரு ரோஜாப்பூ வைத்திருந்தார். முதலில் எழுதிய வரி எனக்கு மனப்பாடம்: "ஐயா, கை வெட்டும்போது ஒரு பக்கம் கூடுது, ஒரு பக்கம் குறையுது, என்ன செய்ய?" அப்படித் தொடங்கியவர் ஆறு மாதத்தில் பதினெட்டு ரவிக்கை வெளியாருக்குத் தைத்துக் கூலி வாங்கினார். அம்மா வீட்டில் சீராகக் கொடுத்த மிஷின் ஒன்று கிழிசல் தைக்கக் கிடந்ததாம், அதில்தான். மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள், அவளை நர்சிங் சேர்க்க வேண்டும், அதற்குத்தான் சேர்க்கிறேன் என்று எனக்கு மட்டும் எழுதினார். என் நோட்டில் அவர் பக்கம் நிறைந்து அடுத்த பக்கத்துக்குப் போயிற்று.

புளியங்குடிக் கிளைக்கு அவரைப் பொறுப்பாளராகப் போட்டேன். "பேரு மட்டும் வேண்டாம் ஐயா" என்று எழுதினார். பயத்தைப் பற்றி நான் ஒரு நீண்ட பதில் எழுதினேன். நன்றாக வந்திருந்தது, வாலண்டினாகூடப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு மாதம் அவர் சந்தா வரவில்லை. இரண்டாவது மாதமும் வரவில்லை. செய்தியும் குறைந்துவிட்டது. விதி என்ன? வீட்டுக்குப் போக வேண்டும்.

வாலண்டினா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள்: "அப்பா, இது மில் கேட் இல்ல. யாருக்கும் போன் பண்ணக் கூடாது. அவங்க எழுதுனா நாம எழுதணும், அவ்வளவுதான்." எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. சங்கரன்கோவிலில் பழைய தோழருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, இதே பஸ்ஸில் ஏறினேன். அளவுத்தாள் அனுப்புகிற விலாசம் கையில் இருந்தது. போனேன்.

அவர் புருஷன் பெயர் கனகவேல். லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். அன்றைக்கு விடுமுறையோ என்னவோ, வீட்டில் இருந்தார். நல்ல வெள்ளைச் சட்டை. நாற்காலி எடுத்துப் போட்டார்.

"அவ ரேஷன் கடைக்குப் போயிருக்கா. ஐயா யாருன்னு தெரியலியே?"

"எங்க சங்கத்துல உங்க வீட்டம்மா மாதிரி ஒரு உறுப்பினர் கெடையாது" என்று ஆரம்பித்தேன்.

"சங்கமா?"

"தையல் சங்கம். போன்லதான் எல்லாம்."

"அப்படியா. பாத்தீங்களா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல." சிரித்தார். குடிக்கக் கலர் வாங்கி வரச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அனுப்பினார்.

"ஆறு மாசத்துல பதினெட்டு ரவிக்கை வெளிய தைச்சுக் கொடுத்திருக்காங்க."

"வெளியவா? ரொம்ப சந்தோசம். கூலியும் வந்திருக்கும்."

"வராம? பொண்ண நர்சிங் சேக்கணும்னு அப்படியே சேத்து வச்சிருக்காங்க."

"நர்சிங்கா" என்றார். "சேக்கட்டும், சேக்கட்டும்."

அவர் கேட்கக் கேட்க நான் சொன்னேன். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற புருஷனை நான் சங்க வாழ்க்கையில் பார்த்ததில்லை. இந்த வீடு நம் பக்கம் வந்துவிட்டது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அப்போது அந்த அம்மா வந்தார். கையில் ரேஷன் பை. வாசலிலேயே நின்றுவிட்டார். நடுவயது, ஒல்லியான உடம்பு, ரோஜாப்பூவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என்னைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார்.

"இவரு யாரு?" என்று கேட்டார் புருஷன்.

"தெரியலியே" என்றார் அந்த அம்மா.

நான் என்ன செய்தேன் தெரியுமா அண்ணாச்சி? எழுந்து நின்று, "நான்தாம்மா, தோழர் அப்பா. குருவையா" என்றேன். அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கை வெட்டும்போது ஒரு பக்கம் கூடுது என்று நீங்கள் எழுதினீர்களே, அது முதல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் ஞாபகசக்தி அப்படி. அந்த அம்மா பையைக் கீழே வைக்காமலே நின்றார். கலர் வந்தது. குடித்தேன்.

கனகவேல் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார். டிக்கெட்டுக்குக்கூட அவரே காசு கொடுத்தார். "இனிமே நான் பாத்துக்குறேன் ஐயா" என்றார். ஊருக்கு வந்ததும் மெம்பர்களின் போன் குழுவில் எழுதிப் போட்டேன்: புளியங்குடித் தோழர் முப்பிடாதியின் இல்லம் சென்று வந்தேன், அவருடைய கணவரே நம் ஆதரவாளர் ஆகிவிட்டார். நாற்பது பேர் இதயம் போட்டார்கள். ஒன்றிரண்டு பேர் ஒன்றும் போடாமல், "எங்க வீட்டுக்கெல்லாம் வருவீங்களா ஐயா?" என்று கேட்டார்கள். வருவேன் என்று எழுதினேன். ஆசையாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த வாரமே பத்துப் பதினைந்து பேர் விலகினார்கள். எனக்குக் காரணம் புரியவில்லை.

ஒன்பது நாள் கழித்து வாலண்டினாவுக்கு ஒரு செய்தி வந்தது. முப்பிடாதியின் தோழி ஜெயராணி எழுதியது. வாலண்டினா நின்றுகொண்டே எனக்கு வாசித்துக் காட்டினாள். மிஷினை விற்றுவிட்டார் அந்த மனுஷன். போன் இப்போது அவர் சட்டைப் பையில் இருக்கிறது. பருப்பு டின்னில் இருந்த பணம் போயிற்று. மகளுக்கு நர்சிங் கிடையாது, பன்னிரண்டாவதோடு போதும் என்று சொல்லியாயிற்று. அடித்தாரா என்று ஜெயராணி எழுதவில்லை. எழுதாததை நான் வாசித்துக்கொண்டேன்.

இன்னொன்றும் எழுதியிருந்தார். சந்தாவை முப்பிடாதி நிறுத்தவே இல்லை. அது ஜெயராணியின் பேங்க் கார்டிலிருந்து போய்க்கொண்டிருந்தது. பழைய கார்டு முடிந்து புதுக் கார்டு தபாலில் வரத் தாமதம், அவ்வளவுதான்.

"அவ உங்களைத் தெரியாதுன்னு சொன்னாள்ல" என்றாள் என் மகள். "அப்பவாவது எந்திரிச்சு வந்திருக்கலாம்லப்பா."

அவளே போனை என் கையிலிருந்து வாங்கி, குழுவிலிருந்து என்னை எடுத்தாள். என் கண் முன்னாலேயே. நோட்டைக் கேட்டாள். கொடுத்தேன். அதை அடுப்பில் வைத்தாள். எத்தனையோ ரெய்டில் போலீஸ் கையில் சிக்காமல் சங்க நோட்டைக் காப்பாற்றியவன் நான், அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்களிடம் ஒன்றைச் சரியாகச் சொல்லவில்லை. விலாசம் கையில் இருந்தது என்றேன் அல்லவா. அந்த விலாசம் முப்பிடாதியின் வீடு கிடையாது. மே/பா ஜெயராணி என்று இருந்தது. ஜெயராணியின் வீடு அன்றைக்குப் பூட்டியிருந்தது. முனையில் ஒரு டீக்கடையில் முப்பிடாதி வீடு எது என்று கேட்டு, நானாகத்தான் கண்டுபிடித்தேன். ஒருவர் தன் தபாலை இன்னொரு வீட்டுக்கு ஏன் வரவழைக்கிறார்? எனக்குத் தெரியாதா? தலைமறைவாக இருந்தபோது எனக்குக் கடிதம் அப்படித்தான் வந்தது. தெரிந்துதான் போனேன். வீட்டுக்குப் பயந்து ஒளிகிறார், அந்தப் பயத்தை உடைத்துவிடலாம் என்று போனேன். என்னால் முடியும் என்று நினைத்தேன்.

அதனால்தான் இந்த அறிக்கை. தப்பு பகிரங்கமாக நடந்தது, மன்னிப்பும் பகிரங்கமாக இருக்க வேண்டும். நாலு இரவு எழுதினேன். நீங்கள் ஒன்று எடுத்துப் படியுங்கள். கண்ணாடி இருக்கிறதா? எழுத்து பெரிதுதான். தலைப்பைப் பாருங்கள்: "புளியங்குடி முப்பிடாதி அம்மையாருக்கு ஒரு தொழிலாளியின் மன்னிப்பு." கனகவேலையும் விடவில்லை, மூன்றாவது பத்தியில் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தெரு முழுக்கப் படித்தால் அந்த மனுஷன் தலை நிமிர்ந்து நடப்பாரா? மிஷினைத் திருப்பி வாங்கித் தர வேண்டிய நெருக்கடி வரும். மில்லில் எத்தனை மேஸ்திரிகளை இப்படிப் பணிய வைத்திருக்கிறேன்.

என்ன, புருவத்தைச் சுருக்குகிறீர்கள்? அச்சுப்பிழையா?

ஜெயராணி யார் என்கிறீர்களா? அதுதான் சொன்னேனே, அந்தத் தோழி. அடுத்த தெருக்காரர். கடைசிப் பத்தியில் அவருக்கு நன்றி எழுதியிருக்கிறேன், "துணிச்சல் மிக்க தோழர் ஜெயராணி" என்று. அவர் செய்கிற காரியம் அப்படி. கனகவேல் ஆபீஸ் போனதும் மத்தியானம் இரண்டு மணி நேரம் முப்பிடாதி அவர் வீட்டுக்கு வந்து அவர் மிஷினில் தைக்கிறார். இப்போதும். விடவில்லை பாருங்கள் அந்த அம்மா. "அதையாவது விட்டு வைக்கச் சொல்லுங்க உங்க அப்பாவ" என்று ஜெயராணி செய்தியில் கடைசி வரி எழுதியிருந்தார். அதைப் பாராட்டத்தான்...

இல்லை. கனகவேலுக்கு ஜெயராணியைப் பற்றித் தெரியாது. நான் அன்றைக்கு அவர் பெயரைச் சொல்லவில்லை. அது ஒன்றைத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

அந்தத் தெருவில் நாற்பத்திரண்டு வீடு. எண்ணி வைத்திருக்கிறேன். ஆமாம், கனகவேல் வீடும் அதில் ஒன்று.

மணி என்ன அண்ணாச்சி? ஒன்றே முக்காலா. இந்நேரம் மிஷினில் உட்கார்ந்திருப்பார்.

கேட்டது சரிதான். இந்த அறிக்கையை அந்த அம்மா கேட்டாரா? கேட்கவில்லை. அவர் என்னிடம் கேட்டது எல்லாம் சேர்த்து இரண்டுதான். கை வெட்டுகிற விதம் கேட்டார். பேரு மட்டும் வேண்டாம் என்று கேட்டார். இதில் தலைப்பிலேயே பேர் போட்டிருக்கிறேன். கொட்டை எழுத்தில் போடச் சொல்லி அச்சகத்துக்காரரிடம் சண்டை வேறு போட்டேன்.

பலகையில் பேர் எழுதினேன் என்றேனே, அவன் பெயர் ஆவுடையப்பன். அவனுக்கு வேறு பிரச்சினை ஒன்றும் இல்லை. அவன் தங்கச்சி கல்யாணத்துக்குக் கடன் பட்டிருந்தான், அவ்வளவுதான். நான்தான் வேறு பிரச்சினை என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். என் எழுத்து நன்றாக இருக்கும், பலகையில். தூரத்திலிருந்தே படிக்கலாம்.

வாசுதேவநல்லூர் எப்போது தாண்டியது? நான் கவனிக்கவே இல்லை.

அந்தா கூப்பிடுகிறார் நடத்துநர். புளியங்குடி இறங்குகிறவர்கள் வரச் சொல்கிறார். எனக்குத் தெரியாத தெருவா, எனக்குத் தெரியாத வாசலா. எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒரு வீட்டு வாசல்வரை வந்து திரும்பியதில்லை.

நீங்கள் காலை நகர்த்த வேண்டாம். கட்டு அங்கேயே இருக்கட்டும்.

வண்டி நிற்கட்டும். போகட்டும்.

தம்பி, தென்காசிக்கு ஒரு டிக்கெட் கொடுங்க. ஆமா, புளியங்குடின்னுதான் வாங்குனேன். ஆமா தம்பி, தூங்கிட்டேன்.

தூங்கிவிட்டேன் என்று சொன்னதை நீங்கள் கேட்டீர்கள். சிரிக்காமல் இருந்ததற்கு நன்றி. தென்காசியில் இறங்கி அடுத்த வண்டியில் வீட்டுக்குப் போய்விடுவேன். இதை வாலண்டினாவிடம் கொடுக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பின்பக்கம் வெள்ளை, ஒட்டிச் சேர்த்தால் அளவுத்தாள் வரையலாம், கெட்டியான காகிதம். ஆனால் முன்பக்கம் அந்தப் பேர்கள் இருக்கின்றன. அடுப்பில்தான் வைக்க வேண்டும். அவள் நோட்டை வைத்த அதே அடுப்பில்.

நீங்கள் படித்துவிட்டுச் சட்டைப் பையில் மடித்து வைத்தீர்களே, அந்த ஒன்றையும் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குப் போகும்போது எண்ணினால் இருநூறு இருக்க வேண்டும். நன்றி.

அண்ணாச்சி, முன்சீட்டு காலியாக இருக்கிறது.

அந்த அம்மா எங்கே இறங்கினார்கள்? பார்த்தீர்களா? புளியங்குடியிலா?

இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார்களா?

இவ்வளவு நேரமும் நான் எவ்வளவு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தேன் அண்ணாச்சி?